இருபத்து மூன்று ஜோடி

குருவுக்கு வயது முப்பத்து மூன்று. சீடருக்கு ஐம்பத்தொன்று. கேட்கிறவர்கள் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். அந்தத் தரும ஆஸ்பத்திரியின் கம்ப்யூட்டர் அறையில் நிலவரம் அப்படித்தான் இருந்தது.

குருவின் பெயர் எமிமா. ஆஸ்பத்திரியின் சர்வர் அவள் பொறுப்பு. பத்து வார்த்தை பேச வேண்டிய இடத்தில் இரண்டு பேசுவாள். அதிலும் ஒன்று 'ம்' ஆக இருக்கும்.

சீடர் பெயர் சிவனணைந்தபெருமாள். பத்தொன்பது வருஷம் கீழே ஓ.பி. கவுண்டரில் உட்கார்ந்து, வருகிற நோயாளிகளுக்கு அட்டை போட்டுக் கொடுத்தவர். தங்கமான மனுஷன். யாரையும் கடிந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை, யாரையும் திருப்பி அனுப்பியதில்லை. போன சித்திரையில் எமிமாதான், "அண்ணாச்சி, மேல வந்து வேலை கத்துக்கிடுதீங்களா?" என்று கூப்பிட்டாள். அன்றைக்கு அவர் வீட்டில் பாயசம் வைத்தார்கள்.

மேலே வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே கேள்வி.

"மேடம், ஒரு ஆளுக்கு ஒரு அட்டைதான் இருக்குன்னு மிஷினுக்கு எப்படித் தெரியும்?"

"தெரியாது."

அவ்வளவுதான் பதில். வாரத்துக்கு ஒரு தடவையாவது கேட்பார், அவளும் அதையேதான் சொல்லுவாள். இந்தப் பிள்ளைக்கு வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடுமா என்று அவர் மனதுக்குள் முணுமுணுத்துக்கொண்டு போவார்.

ஐப்பசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓ.பி. லீவு. பன்னிரண்டு மணிக்கு சர்வரை நிறுத்தி, பழைய சாஃப்ட்வேரை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்ற வேண்டும். நாலு மணிக்கு டயாலிசிஸ் நோயாளிகள் வந்துவிடுவார்கள். அதற்குள் எல்லாம் ஓடியாக வேண்டும் என்பது ஆஸ்பத்திரிச் செயலாளரின் உத்தரவு.

பழைய சாஃப்ட்வேர் மரியாதை தெரிந்தது. பெயர், இனிஷியல், பிறந்த தேதி, போன் நம்பர் நான்கும் வேறொரு பதிவோடு ஒத்துப்போனால், 'இப்படி ஒருவர் ஏற்கெனவே இருக்கிறார், தொடரலாமா?' என்று கேட்கும். 'ஆமாம்' என்று தட்டினால் பேசாமல் இரண்டாவது அட்டையையும் போட்டுக் கொடுத்துவிடும். புதியது அப்படி இல்லை. அதில் கேள்வியே கிடையாது. நான்கும் ஒத்துப்போனால் இரண்டாவது பதிவு உள்ளே வராது. தலைகீழாக நின்றாலும் வராது.

இரண்டு மணி பத்து நிமிஷத்துக்கு அது நின்றுவிட்டது. நாற்பதாயிரம் பதிவும் மளமளவென்று ஏறிக்கொண்டிருந்தபோது திரையில் சிவப்பு எழுத்து விழுந்தது. இருபத்து மூன்று ஜோடிகள், எல்லாம் ஒரே மாதிரி. இதைச் சரி செய்யாமல் ஏறமாட்டேன் என்றது.

"நாப்பதாயிரத்துல இருபத்து மூணுதான் மேடம். கொசு," என்றார் சிவனணைந்தபெருமாள்.

"ம்."

"புதுசை வச்சுக்கிட்டுப் பழசை அழிச்சிருதேன். ஒரே வரிதான். எழுதியே வச்சிட்டேன்."

அவர் விரல் பொத்தானுக்கு மேலே நின்றது.

"கையை எடுங்க."

சத்தம் போட்டுச் சொல்லவில்லை. ஆனாலும் சூடுபட்டவர் மாதிரி கையை எடுத்துக்கொண்டார்.

"செயலாளர் ரெண்டு தடவை போன் பண்ணிட்டாரு மேடம். நாலு மணிக்கு..."

"லிஸ்டை பிரிண்ட் எடுங்க."

எடுத்தார். பிரிண்டரிலிருந்து தாளை உருவி ஒரு பார்வை பார்த்தார்.

இருபத்து மூன்று ஜோடியில் பத்தொன்பது ஜோடிக்கு ஒரே போன் நம்பர். அந்த நம்பர் அவருடையது.

நடந்தது இதுதான். கவுண்டர் திரையில் போன் நம்பர் போடாமல் அட்டை வராது. மலையடிவாரத்துக் கிராமங்களிலிருந்து வருகிற கிழடுகட்டைகளிடம் ஏது போன்? 'நம்பர் இல்லாட்டி அட்டை இல்லை, போயிட்டு வாங்க' என்று சொல்ல அவருக்கு மனசு வந்ததில்லை. தன் நம்பரைத் தட்டிவிடுவார். பிறந்த தேதியும் அந்தச் சனங்களுக்குத் தெரியாது. அந்தக் காலத்துப் பள்ளிக்கூட வாத்தியார்கள் வழியில் அவரும் முகத்தைப் பார்த்து உத்தேசமாக ஒரு வருஷம் போட்டு, ஜூன் ஒன்று என்று தட்டிவிடுவார். அந்தப் பக்கத்துப் பெரியவர்களில் பாதிப் பேர் ஜூன் ஒன்றாம் தேதிதான் பிறந்தவர்கள். பிரம்மா அன்றைக்கு ஓவர்டைம் பார்த்திருப்பார் போல. மிச்சம் பெயரும் இனிஷியலும்தான். அங்கே வைப்பதோ குலதெய்வத்தின் பெயர்தான். தெருவுக்கு மூன்று மாசானம், வீட்டுக்கு ஒரு பேச்சியம்மாள்.

தாளை நாலாக மடித்தார். எமிமா கையை நீட்டினாள். கொடுக்க வேண்டியதாயிற்று.

அவள் பிரித்து, மேலிருந்து கீழ்வரை நிதானமாகப் படித்தாள்.

"பத்தொம்பது ஜோடிக்கு ஒரே நம்பர். யாரு நம்பர் அண்ணாச்சி இது?"

'என்னுது மேடம்.' இரண்டே வார்த்தை. தொண்டைவரைக்கும் வந்தது. கூடவே பாயசம் வைத்த நாளும், 'எங்க வீட்டுக்காரரு இப்பம் மாடியில வேலை பாக்காரு' என்று மனைவி தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு போனதும் வந்தது. வேலை போய்விடும் என்று பயந்தார்.

"தெரியல்ல மேடம். யாராவது ஏஜெண்டு நம்பரா இருக்கும்."

எமிமா அவர் முகத்தைப் பார்க்கவில்லை. மேஜையிலிருந்த போனை இழுத்து, தாளைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு எண்ணாக அழுத்தினாள். பத்து எண். நடுவில் எங்கே வேண்டுமானாலும் அவர் சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

அவர் சட்டைப் பையில் கல்யாண வீடு மாதிரி நாதஸ்வரம் ஒலித்தது.

"எடுங்க," என்றாள்.

எடுத்துக் காதில் வைத்தார். கை நடுங்கியது. அவள் குரல் மேஜைக்கு அந்தப் பக்கமிருந்தும் காதுக்குள்ளிருந்தும் சேர்ந்து கேட்டது.

"வணக்கம். மாசானம் இருக்காரா?"

அவர் போனைக் காதோடு இன்னும் அழுத்திக்கொண்டார்.

"எடுத்தவரு பேசணும். மாசானம் இருக்காரா?"

"எந்த... எந்த மாசானம் மேடம்?"

"அதைத்தான் நானும் கேக்கேன்."

போனை வைத்துவிட்டாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். திட்டவில்லை. தாளை அவர் பக்கம் திருப்பி, முதல் வரியில் விரலை வைத்தாள்.

ச. மாசானம். பிறந்த தேதி ஜூன் ஒன்று. வாகைக்குளம். இரண்டு பதிவுகள். ஆறு வருஷத்துக்கு முந்திய பதிவில் ஒரு வரி இருந்தது: ரத்தம் உறையாமலிருக்கப் போடும் ஊசி இவருக்கு ஆகாது, உயிருக்கு ஆபத்து. மூன்று வருஷத்துக்கு முந்திய பதிவில் அந்த வரி இல்லை.

எமிமா சுவரிலிருந்த பலகையைக் காட்டினாள். நாலு மணி, டயாலிசிஸ், மூன்றாம் கட்டில்: ச. மாசானம், முதல் தடவை.

டயாலிசிஸுக்குப் படுக்கவைத்தவுடன் எல்லாருக்கும் போடுகிற ஊசியே அதுதான். சிஸ்டர் திரையைப் பார்ப்பாள், ஒன்றும் இல்லையென்றால் போட்டுவிடுவாள்.

சிவனணைந்தபெருமாள் நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தார். "மேடம், அந்தப் பழசை நான் அழிச்சிருந்தா..."

"நேரம் போகுது. இது ஒரு ஆளா, ரெண்டு ஆளா?"

"ஞாபகம் இல்ல மேடம். சத்தியமா ஞாபகம் இல்ல. அந்த ஊர்ல எத்தனையோ மாசானம்."

"மிஷினுக்கும் ஞாபகம் இல்ல."

அவர் எழுந்து ஓடினார். லிஃப்ட்டுக்குக் காத்திருக்கப் பொறுமையில்லை. வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் படியில் இறங்கினார். டயாலிசிஸ் வார்டு வாசலில் சிஸ்டர் நின்றாள்.

"சிஸ்டர், மூணாம் கட்டில் மாசானத்துக்கு அந்த ஊசி ஆகாதுன்னு இருக்கு. ஒருவேளை அவரா இருக்கும், ஒருவேளை வேற ஆளா இருக்கும்."

"ஒருவேளையா? வாய்ச் சொல்லெல்லாம் எனக்கு ஆகாது அண்ணாச்சி. இன்னைக்கு நான் கேட்டுக்கிடுவேன். ஆறு மணிக்கு டூட்டி மாறிருவேன், அடுத்து வர்றவளுக்கு யாரு சொல்லுவா? ஸ்கிரீன்ல ஏத்துங்க."

சீக்கிரமே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் மாசானம். எலும்பும் தோலுமாக, காலெல்லாம் வீங்கி. பக்கத்தில் மருமகள் ஒரு சாப்பாட்டுக் கூடையோடு இருந்தாள்.

"பெரியவரே, நம்ம ஆஸ்பத்திரியில உங்களுக்கு எத்தனை அட்டை இருக்கு?"

கிழவர் முகம் சுருங்கிவிட்டது. மருமகளைப் பார்த்தார்.

"ஒண்ணுதான் சார்."

"முன்னால ஏதும் இருந்துச்சா?"

"இல்ல சார். ஒண்ணுதான். இதான்." மடியிலிருந்து அட்டையை எடுத்து இரண்டு கையாலும் நீட்டினார். அந்தக் கை நடுங்குவதை சிவனணைந்தபெருமாள் பார்த்தார். அரைமணிக்கு முன்னால் மாடியில் நடுங்கிய கை அவருடையது.

பெஞ்சுக்கு முன்னால் தரையில் குந்தி உட்கார்ந்தார்.

"பெரியவரே, உங்க அட்டையில இருக்கிற போன் நம்பர் என்னுது. நான்தான் போட்டேன். பிறந்த தேதியும் நானாப் போட்டதுதான். தப்பு என்னுது. உங்களை யாரும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டாக. வைத்தியமும் நிக்காது. இருந்ததைச் சொல்லுங்க, உங்க உசிரு அதுலதான் இருக்கு."

சுற்றியிருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும் என்று இருந்தது அவருக்கு.

கிழவர் அட்டையை மறுபடி மடியில் முடிந்துகொண்டார். "இருந்துச்சு சார். கொல்லத்துக்குச் செங்கச்சூளை வேலைக்குப் போன எடத்துல தொலைஞ்சிட்டு. தொலைச்சிட்டேன்னு சொன்னா வைவாகன்னு பயந்து, புதுசா வாரேன்னு சொன்னேன். நீங்கதான் இருந்தீக."

"அந்தப் பழைய அட்டையில இங்கன படுத்திருந்தீகளா?"

"கால் புண்ணுக்குப் பன்னெண்டு நாளு. என்னமோ ஊசி போட்டு உடம்பெல்லாம் கறுத்து, செத்துப் பொழைச்சேன்."

சிவனணைந்தபெருமாள் பெஞ்சைப் பிடித்துக்கொண்டு எழுந்தார்.

"நீங்க அன்னைக்கு ஒண்ணுமே கேக்கல்ல சார். பேசாமப் போட்டுத் தந்துட்டீக," என்றார் கிழவர் நன்றியோடு. "நல்ல மனுசன் நீங்க."

மேலே வந்து சேர்ந்தபோது மூன்று இருபத்தைந்து. மூச்சு இரைத்தது.

"ஒரே ஆளுதான் மேடம்! அட்டையைத் தொலைச்சவரு. எல்லாம் இந்தக் கதையாத்தான் இருக்கும். இருபத்து மூணு ஜோடியையும் ஒண்ணாச் சேர்த்துருவோம். ஒரே வரி, எழுதிருதேன்."

எமிமா திரையை அவர் பக்கம் திருப்பினாள். லிஸ்டில் ஏழாவது ஜோடி. சு. பேச்சியம்மாள், சு. பேச்சியம்மாள். தேதியும் ஒன்றே, நம்பரும் ஒன்றே. முதல் பதிவில், போன பங்குனியில் இதே ஆஸ்பத்திரியில் இறந்துபோனதாக இருந்தது. அடுத்த பதிவில், வருகிற செவ்வாய்க்கிழமை கண் ஆபரேஷன்.

"சேருங்க," என்றாள்.

அவர் கை எழவில்லை.

"சேருங்க அண்ணாச்சி. யாரைக் கொண்டுபோய் யாரோட சேக்கப் போறீங்க?"

மணி மூன்று முப்பது. மேஜைப் போன் அடித்தது. செயலாளராகத்தான் இருக்கும். இரண்டு பேரும் எடுக்கவில்லை.

"அழிக்கவும் கூடாது, சேக்கவும் கூடாதுன்னா நான் என்னதான் மேடம் செய்ய?" அவர் குரல் உடைந்தது. கோபமும் வந்தது. "ரெண்டாவதை உள்ள விடாத அந்த விதியை மட்டும் இப்பம் கழத்தி வச்சிருவோம். எல்லாம் ஏறட்டும். அடுத்த வாரம் பைய மாட்டிக்கிடலாம். கீழ ஒரு உசுரு இருக்கு மேடம்!"

"இதுவரைக்கும் கழத்திதானே இருந்துச்சு. 'தொடரலாமா'ன்னு கேட்டுச்சுல்லா? நீங்க என்ன சொன்னீங்க?"

"ஆமாம்னு."

"எத்தனை தடவை?"

அவள் பதிலுக்காகக் காத்திருக்கவில்லை. தன் நாற்காலியிலிருந்து எழுந்து, அவரை அதில் உட்காரச் சொன்னாள்.

"யாருன்னு தெரிஞ்சவங்களை உள்ள விடுங்க. தெரியாதவங்களைத் தனியா உக்கார வைங்க. யாரையும் தொலைக்காதீங்க."

அவர் தட்டத் தொடங்கினார். முதலில் மாசானம். இரண்டு பதிவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, வரி வரியாக ஒன்றாக்கினார். ஊசி ஆகாது என்ற வரியைத் தலைப்பிலேயே சிவப்பில் போட்டார். அப்புறம் மிச்சம் இருபத்திரண்டு ஜோடி. அந்த நாற்பத்து நாலு பதிவையும் ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் தனியாக எடுத்துவைத்தார். இவர்களில் யார் வந்தாலும் கவுண்டர் திரையிலும் வார்டு திரையிலும் 'ஆளை நேரில் விசாரித்து, இரண்டு பதிவையும் பார்க்கவும்' என்று வரும்படி செய்தார். வேர்வையில் விரல் வழுக்கியது. இரண்டு தடவை தப்பாகத் தட்டி, அழித்துவிட்டு மறுபடி தட்டினார். எமிமா பின்னால் நின்றாள். கீபோர்டைத் தொடவில்லை.

மூன்று நாற்பத்து மூன்றுக்கு ஏற்றத்தை மறுபடி தொடங்கினார். பத்தாயிரம். பதினெட்டாயிரம். இருபத்தாறாயிரத்தில் கொஞ்சம் நின்றது. சிவனணைந்தபெருமாள், "செந்திலாண்டவா," என்று வாய்விட்டே சொல்லிவிட்டார். எமிமா கழுத்துச் சங்கிலியிலிருந்த சிலுவையைக் கையால் பிடித்துக்கொண்டாள். மறுபடி நகர்ந்தது. முப்பத்தாறு. முப்பத்தொன்பது.

மூன்று ஐம்பத்தேழுக்கு ஏறி முடிந்தது. விதியும் கூடவே ஏறியிருந்தது.

நாலு மணி ஐந்து நிமிஷத்துக்குக் கீழேயிருந்து சிஸ்டர் போன் பண்ணினாள். "வந்துட்டு அண்ணாச்சி. சிவப்புல கொட்டை எழுத்துல வருது. டாக்டர்ட்ட கேட்டாச்சு. அந்த ஊசி இல்லாமலே ஓட்டச் சொல்லிட்டாரு. பெரியவரு நல்லா இருக்காரு, உங்களைத்தான் கேக்காரு."

"சரிம்மா," என்று போனை வைத்தார். அப்புறம் அழுகை வந்துவிட்டது. ஐம்பத்தொரு வயசு மனுஷன், அடக்கப் பார்க்கவில்லை. எமிமா தண்ணீர் பாட்டிலை எடுத்து அவர் பக்கம் வைத்துவிட்டு, ஜன்னல் பக்கமாகத் திரும்பிக்கொண்டாள்.

அழுது முடித்து முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

"நம்பரைக் கேட்டப்பம் பொய் சொன்னேன் மேடம்."

"ம்."

"எனக்கு இந்த வேலை ஆகாது. நான் கீழ கவுண்டருக்கே போயிருதேன்."

"வேண்டாம் சாமி. கவுண்டருக்குப் போனா இன்னொரு இருபத்து மூணு வரும்."

அவருக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் அந்தத் தாளை எடுத்து, முதல் வரியைப் பேனாவால் அடித்தாள். மிச்சம் இருபத்திரண்டு வரியோடு அவரிடம் நீட்டினாள்.

"நாளைக்குக் காலையில கிளம்புங்க. ஒவ்வொரு ஊராப் போங்க. பஸ் போகாத ஊருக்கு நம்ம ஜீப்பைக் கேட்டிருக்கேன். பேச்சியம்மாள் வீடு முதல்ல, செவ்வாய்க்கு முன்னால."

தாளை வாங்கிக்கொண்டார். ஒவ்வொரு வரியாகப் பார்த்தார். இனிஷியலும் பெயரும் ஊரும். முக்கால்வாசியும் அவர் கையால் தட்டியது.

"மேடம், இவங்க பேரு எனக்குத் தெரியும். ஊரு தெரியும். பாதிப் பேரு முகத்தைப் பாத்தாத் தெரியும். வாசல்ல போய் நின்னு நான் என்னன்னு கேக்க?"

"நீங்க யாருன்னு கேளுங்க."

"கேட்டுட்டு?"

"பதில் வர்றவரைக்கும் பேனாவைத் திறக்காதீங்க."